கொடுத்துவிட்ட கார், கைநழுவிய கார்: உங்களுடையது எது?

சாவிக்கொத்து எழுதியது:

அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது ஒரு சாவி கிடைத்தது. அப்பாவின் மோரிஸ் மைனர் 1000 காருடையது. அந்தக் காரை விற்று 26 வருடம் ஆகிறது. விற்கும்போது ஒரு சாவியைத்தான் கொடுத்திருக்கிறோம் போல. இன்னொன்று இங்கேயே தங்கிவிட்டது.

அந்தச் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஓடாது. முதலில் பெட்ரோல் பம்ப் "டிக் டிக் டிக்" என்று அடிக்கும். பானட்டுக்குள் பின்சுவரில் பொருத்திய எஸ்.யூ. நிறுவனத்து மின்பம்ப் அது. கார்புரேட்டர் கிண்ணம் நிறைய நிறைய அடி மெதுவாகி, நின்றுவிடும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் என்னை அப்பா எண்ணச் சொல்வார். இரவெல்லாம் நின்ற வண்டி என்றால் பதினைந்து, இருபது வரை போகும். நின்றதும் "ம், குடிச்சாச்சு" என்பார். அதற்கப்புறம்தான் சோக்கை இழுப்பார், ஸ்டார்ட்டர் குமிழை இழுப்பார். நான் எண்ணக் கற்றுக்கொண்டதே அந்த பம்பிடம்தான் என்று அம்மா சொல்வாள்.

விற்கலாம் என்று சொன்னது நான்தான். இரண்டு வருடம் ஓடாமல் நின்றிருந்தது. தரைத்தகடு துருப்பிடித்து, மிதியடியைத் தூக்கினால் கீழே மண் தெரிந்தது. "இதுக்கு மேல எதுக்குப்பா" என்றேன். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "சரி" என்றார். வாங்கியவர் வண்டியை இழுத்துக்கொண்டு போன அன்று அவர் வாசலுக்கு வரவில்லை. உள்ளே ரேடியோவின் ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது அவர் இல்லை.

இரண்டு கேள்விகள். விற்ற காரைத் தேடிப் போனவர் யாராவது இருக்கிறீர்களா? தேடலாமா, விட்டுவிடலாமா? வாங்க நினைத்து வாங்காமல் போனவர்களும் எழுதுங்கள். அந்த வலியும் இதற்குக் குறைந்தது இல்லை என்று நினைக்கிறேன்.

---

கிரீஸ்கன் எழுதியது:

சாவிக்கொத்து, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். அந்த டிக் டிக் சத்தத்தை 40 வருடமாகக் கேட்டு வந்தவன் நான். நடைமுறையாக ஒன்று சொல்கிறேன், நீங்கள் அறிந்ததாகவே இருக்கலாம். அது நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் டேங்க் காலி, அல்லது குழாயில் எங்கோ காற்று புகுகிறது. அடிக்கவே இல்லையென்றால் பம்புக்குள் பாயிண்ட்ஸ், அதாவது மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் முனைகள், ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்பேனரின் பிடியால் மெல்ல ஒரு தட்டு தட்டினால் விழித்துக்கொள்ளும். எண்ணச் சொன்ன உங்கள் அப்பா உங்களோடு விளையாடிக்கொண்டே வண்டியையும் சோதித்திருக்கிறார்.

மைனரின் பானட் நடுவே முன்னிருந்து பின்வரை தட்டையாக ஒரு பட்டை ஓடும். சின்ன வயதில் அதை விரலால் தடவியிருப்பீர்கள். அது அழகுக்காக வைத்தது இல்லை. அலெக் இசிகோனிஸ் முதலில் வடிவமைத்த கார் இன்னும் ஒடுக்கமானது. கடைசி நேரத்தில் அவருக்கு அது திருப்தியாக இல்லை. மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொல்லி, இரு பாதிகளையும் மெல்ல நகர்த்தி, கண்ணுக்குச் சரியாகப் பட்ட இடத்தில் நிறுத்தினார். இடைவெளி நான்கு அங்குலம். அந்த நான்கு அங்குலம்தான் பானட்டில் பட்டையாக நிற்கிறது. பம்பர்கள் அதற்குள் தயாராகிவிட்டதால் ஆரம்ப வண்டிகளில் பம்பரையும் நடுவில் வெட்டி ஒரு துண்டு வைத்தார்கள். 1948இல் வெளிவந்தது. பிரிட்டனில் பத்து லட்சத்தைத் தொட்ட முதல் கார் இதுதான்.

தேடுவது பற்றி: சேசிஸ் எண் தெரியுமா? நம்பர் பிளேட்டும் பெயிண்டும் மாறிவிடும், எஞ்சினையே மாற்றியிருப்பார்கள். சேசிஸ் எண் தகடு மட்டும்தான் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பழைய காப்பீட்டுக் காகிதம், வரி ரசீது எதிலாவது இருக்கிறதா பாருங்கள்.

---

நீலவண்டு எழுதியது:

நான் வாங்காமல் விட்டவன்.

ஃபோக்ஸ்வேகன் பீட்டில். 1961க்கு முந்தையது, அதாவது பெட்ரோல் அளவு காட்டும் முள்ளே இல்லாத வண்டி. காலுக்கருகே ஒரு சின்ன நெம்பு இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் இருமத் தொடங்கினால் அதைத் திருப்பிவிட வேண்டும், மீதமுள்ள கொஞ்சம் பெட்ரோல் வரும். வண்டிக்காரர் அதை எனக்குக் காட்டியபோது அவர் முகத்தில் இருந்த பெருமை இன்னும் கண்ணில் நிற்கிறது. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது, எஞ்சின் பின்னால். முன்பக்கம் திறந்தால் ஸ்டெப்னி. கதவை மூடும்போது, ஜன்னல் முழுக்க ஏற்றியிருந்தால், காது அடைக்கிற மாதிரி காற்று அமுங்கும். அவ்வளவு இறுக்கமாகப் பொருத்திய உடல்.

அரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தேன். சீட்டுக்குள் அடைத்த நாரின் வாசனை, பழைய ரப்பரின் வாசனை, கொஞ்சம் பெட்ரோல். எனக்கு அது அன்றே சொந்தமாகிவிட்டது. ஆனால் வாயில் வந்தது "ஒரு ராத்திரி யோசிச்சுட்டு வரேன்" என்பதுதான். அவர் "யோசிங்க" என்றார்.

மறுநாள் காலை கையில் பணத்தோடு போனேன். முந்தைய நாள் மாலையே இன்னொருவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். தரையில் ஒரு எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. யோசிக்க நேரம் கேட்டது நான்தானே.

2003 ஜூலை 30ஆம் தேதி மெக்சிகோவின் புவெப்லா ஆலையில் கடைசி பீட்டில் வெளியே வந்தது. 2,15,29,464ஆவது வண்டி. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இரண்டு கோடிக்கு மேல் செய்திருக்கிறார்கள், எனக்கு வேண்டியது அந்த ஒன்று. அதற்கப்புறம் வேறு பீட்டில்கள் விற்பனைக்கு வந்தன. போய்ப் பார்த்தேன், நல்ல வண்டிகள்தான். எதிலும் உட்கார மனம் வரவில்லை.

---

பின்சீட்டுக்காரி எழுதியது:

எங்கள் வீட்டில் கார் ஓட்டியது அம்மா. அப்பாவுக்கு ஓட்டவே தெரியாது.

டிரையம்ஃப் ஹெரால்டு. மற்ற கார்களில் பானட் மூடி மட்டும் திறக்கும், ஹெரால்டில் முன்பக்கம் முழுவதும், மட்கார்டு விளக்கு எல்லாம் சேர்ந்து, முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சின், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் எல்லாம் கண்முன்னே கிடக்கும். அம்மா முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு பிளக் கழற்றுவாள். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் எனக்கு நினைவில் வரும் படம் அதுதான்: டயர் மேல் அம்மா, மடியில் பழைய துணி, வாயில் கவ்விய திருப்புளி.

திருப்புவதில் அதற்கு இணை கிடையாது. 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். மற்றவர்கள் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் போய்த் திருப்பும் சந்தில் அம்மா ஒரே சுற்றில் திருப்பிவிட்டு, கண்ணாடியில் எங்களைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்காகவே நாங்கள் பின்சீட்டில் கைதட்டுவோம்.

முன்சக்கரம் திரும்பும் இடத்தில் ட்ரனியன் என்ற பித்தளைத் திருகு மூட்டு இருக்கும். அதற்கு கிரீஸ் போடக் கூடாது, கெட்டியான கியர் எண்ணெய்தான் விட வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கும். சர்வீஸுக்கு விடும்போது யாராவது கிரீஸை அடித்துவிடுவார்கள் என்று பயந்து, உள்பக்கத் தகட்டில் வெள்ளைப் பெயிண்டால் "எண்ணெய் மட்டும்" என்று எழுதி வைத்திருந்தாள்.

அவளுக்குக் கண் மங்கியபோது விற்றோம். அவளே சொன்னாள், அவளே பேசி முடித்தாள். வாங்க வந்தவருக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாள். சோக் எவ்வளவு இழுக்க வேண்டும், எப்போது தள்ள வேண்டும், எந்தக் கதவை எப்படித் தூக்கி மூட வேண்டும் எல்லாம். கடைசியில் அந்த வெள்ளை எழுத்தைக் காட்டினாள். அது யாரிடம் இருந்தாலும் சரி, அந்த எழுத்தை அழிக்காமல் இருந்தால் போதும் எனக்கு.

---

கிரீஸ்கன் எழுதியது:

> "எண்ணெய் மட்டும்" என்று எழுதி வைத்திருந்தாள்.

அம்மாவுக்கு என் வணக்கம். நூற்றுக்கு நூறு சரி. ஹெரால்டு ட்ரனியனில் கிரீஸ் அடித்தால் திருகுமரைக்குள் சரியாக ஏறாது, நாளடைவில் உலர்ந்து கெட்டியாகும், துரு உள்ளேயே வேலை செய்யும். ஒரு நாள் சக்கரம் மடங்கிக்கொண்டு விழும். மைனர் ட்ரனியனுக்குத்தான் கிரீஸ். அதையும் மறந்தால் இதே கதிதான். பெயர் ஒன்று, பண்டுவம் வேறு. இதில் தவறிய வண்டிகளை நிறைய பார்த்திருக்கிறேன்.

---

கழற்றிமாட்டி எழுதியது:

சாவிக்கொத்தின் கேள்விக்கு நேரடிப் பதில்: நான் தேடினேன், கண்டுபிடித்தேன்.

எங்களுடையது ஃபியட் 1100. கியர் ஸ்டியரிங் தண்டில் இருக்கும், முன்னால் ஒரே நீள சீட். தாத்தா ஓட்ட, நடுவில் நான். கியர் மாற்றும்போது அவர் முழங்கை என் தலைக்கு மேலே போகும். 22 வருடம் கழித்து, நாலு கை மாறிய பிறகு, ஒருவரிடம் இருப்பது தெரிந்தது. நல்ல மனிதர். வந்து பாருங்கள் என்றார்.

போனேன். பளபளவென்று சிவப்பு. எங்களுடையது சாம்பல் நிறம். சீட் புதுசு, ஸ்டியரிங் புதுசு, தண்டில் இருந்த கியரைக் கீழே தரைக்கு மாற்றியிருந்தார்கள். எஞ்சின் வேறு, டீசல். இது எங்கள் கார் இல்லை, எங்கோ தவறு நடந்திருக்கிறது என்றே நினைத்தேன். பிறகு கையுறைப் பெட்டியின் மூடியைத் திறந்தேன். உள்பக்கம் ஆணியால் கீறிய என் பெயரின் முதலெழுத்து. ஏழு வயதில் கீறி, அடி வாங்கியது. அங்கே மட்டும் யாரும் பெயிண்ட் அடிக்கவில்லை.

அவர் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஓட்டினேன். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து தாத்தாவின் காரை நினைத்தால் சாம்பல் நிறம் வர மறுக்கிறது, சிவப்புதான் முன்னால் வந்து நிற்கிறது. எஞ்சின் சத்தத்தை நினைக்கப் பார்த்தால் டீசல் அதிர்வு வருகிறது. அவர்மேல் குறை இல்லை. தினமும் ஓட்டுகிறார், வாழ வைத்திருக்கிறார். ஆனால் நான் போகாமல் இருந்திருக்கலாம்.

எனவே என் கருத்து: தேடாதீர்கள்.

---

பின்சீட்டுக்காரி எழுதியது:

கழற்றிமாட்டி அண்ணா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. உங்கள் எழுத்து இன்னும் அந்த மூடியில் இருக்கிறதே. நான் என்றால் அந்த ஒன்றைப் பார்க்கவே போவேன்.

---

ஐந்து_சிலிண்டர் எழுதியது:

விற்றவர்களும் வாங்காதவர்களும் எழுதுகிறீர்கள். நான் மூன்றாவது வகை. விற்கவில்லை, ஓட்டவுமில்லை.

மெர்சிடிஸ் டபிள்யூ 123, 300 டி. 1976 முதல் பத்து வருடத்தில் கிட்டத்தட்ட 27 லட்சம் செய்தார்கள் அந்த வரிசையில். ஐந்து சிலிண்டர் டீசல். சாவியைத் திருப்பி, சூடேற்றும் விளக்கு அணையும்வரை காத்திருந்து, பிறகு ஸ்டார்ட் செய்ய வேண்டும். கதவுப் பூட்டுகள் எல்லாம் வெற்றிடக் குழாய்களில் இயங்கும். ஓட்டுநர் கதவைப் பூட்டினால் மற்ற கதவுகள் ஒவ்வொன்றாக, பெருமூச்சு மாதிரி, பூட்டிக்கொள்ளும். எஞ்சினை அணைப்பதும் அதே வெற்றிடத்தால்தான். ரப்பர் குழாய் வயதாகி எங்கோ கசிந்தால், சாவியை எடுத்துவிட்ட பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். இறங்கிப் போய், பானட்டைத் தூக்கி, "ஸ்டாப்" என்று எழுதிய நெம்பைக் கையால் அழுத்த வேண்டும். எனக்கு அப்படி நடந்த அன்று, அதைக் கெட்ட குணமாக எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. "இன்னும் கொஞ்சம் போகலாமே" என்று அது கேட்பது போல இருந்தது.

பத்திரமாக இருக்கட்டும் என்று மூடி வைத்தேன். துணி உறை, அதன்மேல் தார்ப்பாய். முதல் வருடம் மாதம் ஒரு முறை ஓட்டினேன். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. பிறகு வேலை, குழந்தைகள், இடமாற்றம். ஒன்பது வருடம் கழித்து உறையை நீக்கினேன். வெளியே ஒரு கீறல் இல்லை. பிரேக் நான்கும் பிடித்துக்கொண்டிருந்தன, டயர்கள் நின்ற இடத்தில் சப்பையாகியிருந்தன, சீட் அடியில் எலி. வண்டி என்னிடமேதான் இருந்தது, ஆனாலும் இழந்துவிட்டேன். இது விற்பதைவிடக் குறைந்த வலி என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அமெரிக்காவில் அர்வ் கோர்டன் என்று ஒருவர் இருந்தார். 1966இல் சிவப்பு வால்வோ பி1800 ஒன்றை வாங்கி, 2013இல் 30 லட்சம் மைலைத் தாண்டினார். ஒரே கார். எண்ணெய் மாற்றுவதையும் சின்னச் சின்னப் பராமரிப்பையும் தவறாமல் செய்தார், மற்றபடி ஓட்டிக்கொண்டே இருந்தார். 2018இல் காலமானார். நான் உறைபோட்டு மூடியபோது அவரைப் பற்றித் தெரியாது. தெரிந்திருந்தால் வேலைக்கே அதில்தான் போயிருப்பேன்.

இப்போது பிரேக்கிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். ஞாயிறுக்கு ஒரு சக்கரம்.

---

மின்னோட்டம் எழுதியது:

ஐந்து_சிலிண்டர், ஒரு கேள்வி. மின்மோட்டாருக்கு மாற்ற யோசித்தீர்களா? உடல் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். நான் ஒரு பழைய மினியை அப்படி மாற்றி மூன்று வருடமாக தினமும் ஓட்டுகிறேன். நின்று துருப்பிடிப்பதைவிட ஓடுவது மேல் என்று நம்புகிறேன். ஜாகுவார் நிறுவனமே ஈ-டைப்பை மின்காராக மாற்றிக் காட்டியது. 2018இல் இளவரசர் ஹாரியின் திருமணத்தில் அவர்கள் போனது அதில்தான்.

---

கிரீஸ்கன் எழுதியது:

தம்பி, ஓடுவது மேல் என்பதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் என் மனம் ஒப்பவில்லை, காரணத்தைச் சொல்கிறேன்.

மினியின் உயிரே அந்த எஞ்சினை வைத்த விதத்தில்தான் இருக்கிறது. 1959இல் அதே இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி, கியர் பெட்டியை எஞ்சினுக்கு அடியில், அதே எண்ணெயில் மூழ்கும்படி வைத்தார். பத்து அங்குல சக்கரம், ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் கூம்பு. மூன்று மீட்டரை ஒட்டிய நீளத்தில் நாலு பேர் உட்கார இடம் வந்தது அந்த மூளையால். இன்று தெருவில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை எஞ்சினைக் குறுக்கே வைத்தவை. அந்த எஞ்சினை எடுத்துவிட்டால் எஞ்சியிருப்பது அழகான தகடு. அழகுதான், மறுக்கவில்லை.

பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பு ஃபீவா. 30 வயதாவது நிறைந்து, அசல் நிலை கெடாமல் இருப்பதைத்தான் அது பாரம்பரிய வாகனம் என்கிறது. மின்மோட்டாருக்கு மாற்றியதை அப்படி ஏற்பதில்லை. மாற்றியே ஆக வேண்டும் என்றால் கழற்றிய பாகங்களைப் பத்திரப்படுத்தி, என்றாவது திருப்பிப் பொருத்த முடிகிற மாதிரி செய்யச் சொல்கிறது. உங்கள் எஞ்சின் எங்கே இருக்கிறது?

---

மின்னோட்டம் எழுதியது:

எண்ணெய் பூசி, துணி சுற்றி, மரப்பெட்டியில் இருக்கிறது ஐயா. ஒரு துளை கூட உடலில் புதிதாகப் போடவில்லை. என் மகள் விரும்பினால் திருப்பிப் பொருத்தலாம்.

---

கிரீஸ்கன் எழுதியது:

அப்படியென்றால் நமக்குள் சண்டை இல்லை.

---

புதுக்கை எழுதியது:

வணக்கம். வயது 24. சொந்தமாக எந்த பழைய காரும் இருந்ததில்லை. இந்த இழையை நேற்று இரவு முழுக்கப் படித்தேன்.

எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி வீட்டுக் கொட்டகையில் ஒரு மோரிஸ் மைனர் நிற்கிறது. 948 சிசி. பதினோரு வருடமாக ஓடவில்லை. "வேணும்னா எடுத்துக்கோ, ஆனா ஓட்டணும், பிரிச்சு விக்கக் கூடாது" என்கிறார். நான் சொன்ன பதில், நீலவண்டு அண்ணா சொன்னதேதான்: யோசித்துவிட்டு வருகிறேன்.

பயம் இரண்டு. துரு எவ்வளவு என்று தெரியாது. அப்புறம், ஈயம் கலந்த பெட்ரோல் உலகில் எங்குமே இல்லை, அந்த எஞ்சின் கெட்டுவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

---

நீலவண்டு எழுதியது:

தம்பி, பிறகு வந்து இங்கே கேட்கலாம். முதலில் பாட்டிக்குத் தொலைபேசி செய்து "எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். இன்றைக்கே.

---

கிரீஸ்கன் எழுதியது:

நீலவண்டு சொன்னதைச் செய்துவிட்டு இதைப் படியுங்கள்.

ஈயம்: அந்தக் கால எஞ்சின்களில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்துக்கு ஈயம் ஒரு மெத்தை மாதிரி இருந்தது. அது இல்லாவிட்டால் நீண்ட நேரம் வேகமாக ஓட்டும்போது அந்த இடம் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் அதை நிறுத்தியது, உங்கள் நண்பர்கள் சொன்னது உண்மை. ஆனால் தேய்மானம் ஒரே நாளில் வராது. நிதானமாக ஓட்டுங்கள், வால்வு இடைவெளியை அவ்வப்போது அளந்து பாருங்கள். அது ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு, அதாவது 0.30 மி.மீ. அந்த அளவு திரும்பத் திரும்பக் குறைந்துகொண்டே வந்தால் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, கடினமான வால்வு இருக்கைகள் பொருத்திக்கொள்ளலாம். ஒரு முறை செய்தால் தீர்ந்தது. இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால்தான் உடனடிக் கவலை. பழைய ரப்பர் குழாய்களை அது தின்றுவிடும். எரிபொருள் குழாய் ஒவ்வொன்றையும் புதிதாக மாற்றிய பிறகே ஓட்டுங்கள்.

துரு: டார்ச்சும் ஒரு பழைய திருப்புளியும் எடுத்துக்கொண்டு கீழே படுங்கள். வெளியே தெரியும் துருவை விடுங்கள், மட்கார்டு கழன்று வரும், மாற்றலாம். ஜாக்கி மாட்டும் இடம், அதை இணைத்துக் குறுக்கே ஓடும் சட்டம், பின்பக்க லீஃப் ஸ்பிரிங் தொங்கும் இடம், இந்த மூன்றையும் குத்திப் பாருங்கள். இந்த வண்டிக்குத் தனிச் சட்டகம் இல்லை, உடலே சட்டகம். திருப்புளி உள்ளே போனால் வெல்டிங் வேலை இருக்கிறது என்று பொருள். அதற்காக வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். எவ்வளவு என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது முக்கியமானது. ஆர்வத்தில் பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்யப் பார்க்காதீர்கள். பதினோரு வருடத்தில் பிஸ்டன் வளையங்கள் ஒட்டியிருக்கலாம். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் விட்டுவிடுங்கள். அப்புறம் முன்னாலிருந்து ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றுங்கள். அவசரம் இல்லாமல் சுற்ற வேண்டும். பழைய பெட்ரோல் முழுவதையும் இறக்குங்கள். பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் கால் அடியில், தரைத்தகட்டுக்குக் கீழே இருக்கும், தேட வேண்டாம். அதையும் சக்கரச் சிலிண்டர்களையும் பார்க்காமல் வண்டியை ஒரு அடி கூட நகர்த்தாதீர்கள். கடைசியாக, பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைய வேண்டும். இன்றைய கார்களுக்குத் தலைகீழ். மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

---

சாவிக்கொத்து எழுதியது:

நான் கேட்ட கேள்வி எங்கோ வந்து நிற்கிறது, மகிழ்ச்சியாக இருக்கிறது.

பழைய காகிதக் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். சேசிஸ் எண் கிடைத்தது, அப்பாவின் கையெழுத்திலேயே, ஒரு சின்ன நோட்டில். அதில் அவர் எழுதியிருப்பதெல்லாம் எண்கள்தான். எண்ணெய் மாற்றிய தேதி, மைல், பாயிண்ட்ஸ் இடைவெளி. ஒரே ஒரு இடத்தில் மட்டும் வேறு எழுத்து: "பையன் இன்று பதினெட்டு வரை எண்ணினான்."

நேற்று முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். விற்கச் சொன்ன நாளைத்தான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த நாளை மறந்தே போயிருந்தேன்.

காரைத் தேடுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கழற்றிமாட்டி சொன்ன சிவப்பு நிறம் மனதில் நிற்கிறது. பின்சீட்டுக்காரி சொன்னதும் நிற்கிறது. எண்ணை எழுதி வைத்திருக்கிறேன்.

புதுக்கை தம்பிக்கு: கிரீஸ்கன் ஐயா சொன்ன ஸ்டார்ட்டிங் ஹேண்டில் கொட்டகையில் இருக்கிறதா? பெரும்பாலும் தொலைந்திருக்கும். எங்களுடையது இங்கே இருக்கிறது. சாவி தங்கியது மாதிரி அதுவும் தங்கிவிட்டது. உடன் ஒரு டப்பாவில் பாயிண்ட்ஸ், கண்டென்சர், ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, எல்லாம் பிரிக்காதவை. தனிமடலில் முகவரி அனுப்புங்கள்.

---

கழற்றிமாட்டி எழுதியது:

சாவிக்கொத்து, அந்த நோட்டை ஒளிநகல் எடுத்து வையுங்கள். பழைய மை சீக்கிரம் மங்கும்.

---

புதுக்கை எழுதியது:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன்.

வண்டி இப்போது என் பொறுப்பில். பாட்டி சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, முன்கண்ணாடியை முந்தானையால் துடைத்தார். ஜாக்கி மாட்டும் இடம் இடப்பக்கம் போய்விட்டது, வெல்டிங் நடக்கிறது. ஸ்பிரிங் தொங்கும் இடம் இரண்டும் கெட்டி. சாவிக்கொத்து ஐயாவின் ஹேண்டில் சரியாகப் பொருந்தியது. முதல் இரண்டு நாள் எஞ்சின் அசையவில்லை. மூன்றாம் நாள் கால் சுற்று வந்தது. நான்காம் நாள் முழுச் சுற்று.

இன்று புதுக் குழாய்கள் மாட்டி, கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, நேர்முனையை உடலோடு இணைத்து, சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை. ஸ்பேனர் பிடியால் பம்பை மெல்லத் தட்டினேன். ஒன்றும் இல்லை. இன்னொரு தட்டு.

டிக்.

அப்புறம் விடாமல் அடித்தது. நான் எண்ணினேன். முப்பத்தொன்று. மெதுவாகி, முப்பத்திரண்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு முப்பத்துமூன்று. நின்றுவிட்டது. ஸ்டார்ட் செய்யவில்லை. பிரேக் முடியட்டும் என்று சாவியை எடுத்துவிட்டேன்.

---

சாவிக்கொத்து எழுதியது:

தம்பி, அடுத்த முறை திருப்பும்போது அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்ப முடியுமா?